நீர் செய்யும் தொழில் யாது?

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த மருத்துவர் பலர். நாக்கை நீட்டச் சொன்னவரும் பலர். அவன் உள்ளங்கையிலே ஏறியிருந்த காய்ப்பைக் கண்டவர் எத்தனை பேர்?

"நீர் செய்யும் தொழில் யாது?" என்று மருத்துவன் தவறாது கேட்கவேண்டும் என 1700-ஆம் ஆண்டிலே எழுதிவைத்தார், இத்தாலி நாட்டு மருத்துவப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றியே தனி நூல் செய்தவர் அவர். ஏழையின் இல்லத்திலே பொன்முலாம் பூசிய நாற்காலியைத் தேடாதே; முக்காலி கிடைத்தாலும் அமர்ந்து, பொறுமையோடு விசாரி என்று மருத்துவ உலகுக்கு அறிவுரையும் கூறினார்.

தானியம் சலிப்போரையும் அளப்போரையும் அவர் கண்டார். தொண்டை வறட்சி, கண் எரிச்சல், மூச்சு முட்டல், உடலெங்கும் அரிப்பு! ஊருக்கு உணவாகும் கோதுமை, அதைச் சலிப்பவனுக்கு மட்டும் நஞ்சாவானேன்? ஆண்டவன் சித்தம் என்று கூறி அவர் வீடு திரும்பவில்லை. புலன்களுக்குத் தென்படாத சிற்றுயிர்கள் அத்தூசியிலே மறைந்திருக்கக்கூடும் என ஐயுற்றார். ஐயந்தானே அறிவின் வாயில்!

அந்த ஐயம் தெளிய இரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1932-ல் இங்கிலாந்தின் வெஸ்ட்மர்லந்து வட்டாரத்திலே, பூசணம் பூத்த புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு வந்த நோயைக் காம்ப்பெல் என்ற மருத்துவர் விளக்கி எழுதினார். மாட்டுத் தீனிக்கென அறுத்த புல்லை, ஈரம் புலராமுன் அடுக்கிவைத்தால் போரின் உள்ளே சூடேறும். அச்சூட்டிலே பூசணமும் நுண்ணுயிரும் பெருகும். குளிர்காலத்தில் அதைப் பிரித்து உதறினால் கொட்டில் முழுதும் தூசிப் படலம்! காலையிலே உதறியவனுக்கு, 4 முதல் 8 மணி நேரம் கழித்தே குளிரும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வருகின்றன. எனவே, வேலைதான் காரணம் என்று அவனுக்கே தோன்றுவதில்லை. சளிக்காய்ச்சல் என்பான், இரண்டொரு நாளில் தேறுவான், மீண்டும் கொட்டிலுக்கே போவான். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதன்பின் இழந்த மூச்சு திரும்புவதில்லை.

'உழவர் நுரையீரல்' என்று இதற்குப் பெயர் வந்தது. 1941-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர்கள், உலர்ந்த கரும்புச் சக்கையின் தூசியும் இதுபோன்ற நோயைத் தருவதைப் பதிவு செய்தனர். சாறு இனித்தது ஒருவருக்கு. சக்கை நெஞ்சை அடைத்தது மற்றொருவருக்கு! 1963-ல் ஜாக் பெப்பிசும் அவருடன் உழைத்த ஆய்வாளரும், உழவர் நுரையீரல் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தனர். சூடேறிய புல்லில், பூசணம்போல் இழையிழையாக வளரும் நுண்ணுயிரை எதிர்க்கும் பொருள்கள் அதிலே இருந்தன. உடல் அந்த நுண்ணுயிரைப் பகையெனக் கொண்டு போரிட்டதற்கு அதுவே சான்று. 1965-ல் பிரிட்டிஷ் அரசு இதைத் தொழில் நோய்ப் பட்டியலிலே சேர்த்தது. கூலிக்கு உழைத்து நோயுற்றவன் உதவித்தொகை கேட்கும் உரிமை பெற்றான்.

1932-க்கும் 1965-க்கும் இடையே 33 ஆண்டுகள்! பூசணத்தின் வித்து கண்ணுக்குத் தெரியாதது, ஒப்புகிறோம். பாட்டாளியின் இருமலுமா காதுக்குக் கேளாதது?

பரிகாரத்துக்குப் பூசை வேண்டியதில்லை. புல்லை நன்கு உலர்த்துதல், கொட்டிலிலே காற்றோட்டம், முகத்துக்குத் தக்க கவசம், நோயுற்றவனுக்கு மாற்று வேலை ஆகியவையே வேண்டும். ஆனால், இவற்றைத் தானாகப் பண்ணையார் தருவார் என்று காத்திருப்பது, மழைக்கு யாகம் செய்வதை ஒத்தது.

தானியக் கிடங்கிலும், ஈரம் படிந்த பழங்கட்டுகளுக்கிடையே ஏடு தேடும் அறையிலும் உழைக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வேலை நாளின் மாலையிலே காய்ச்சல் வருகிறதா? விடுமுறையிலே விலகுகிறதா? மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும், உங்கள் தொழில் இன்னதென்று நீங்களே சொல்லுங்கள். 1700-ல் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை உங்களிடமே இருக்கிறது.