முன் அச்சில் ஒரு மூட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. நண்பரின் தந்தை பல ஆண்டுகளுக்கு முன் அரசு ஏலத்தில் எடுத்த ஜீப், ஏரிக்கரைச் சேற்றில் புதைந்திருக்கிறது. நண்பர் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டே முடுக்க, முன் அச்சுத்தண்டு முறிந்துவிட்டது. புதிய தண்டு எங்கே கிடைக்கும் என்பதுதான் அவருடைய கவலை. பட்டறையின் முதிய மெக்கானிக்குக்கோ வேறு கவலை.

"உடஞ்சத தூக்கிப் போட்டுடாதீங்க சார். எதை வாங்கணும்னு அதுதான் சொல்லும்" என்றார்.

பின்சக்கரம் உருண்டால் போதும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் முன்சக்கரம் உருளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே முன் அச்சுத்தண்டின் நடுவே வளைந்து சுழலும் ஒரு மூட்டு தேவைப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் வழங்கும் குறுக்கு மூட்டு இவற்றுள் பழையது. ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1676இல் அதை விரிவாக விவரித்தார். அதன் குறை எளியது: மூட்டு வளையும்போது சுழற்சியின் சீர் கெடும். 30 பாகை வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை சுமார் 13 விழுக்காடு குறைந்து, இருமுறை 15 விழுக்காடு கூடும். ஓட்டுபவரின் கையில் அது உதறலாகத் தெரியும்.

இக்குறையைத் தீர்க்க 1920களில் பலர் முயன்றனர். கார்ல் வைஸ் உருண்டைகளால் இயங்கும் மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் பெண்டிக்ஸ் என்று அறியப்பட்ட மூட்டு அதுவே. 1926இல் பிரான்சில் கிரெகுவாரும் ஃபெனாயும் உருண்டையே இல்லாத டிராக்டா மூட்டை உருவாக்கினர். அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசப்பா, கூண்டுக்குள் ஆறு உருண்டைகளை அமைத்தார்.

இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தபோது, எந்த ஒரு தொழிற்சாலையாலும் இத்தனை மூட்டுகளைத் தர இயலவில்லை. விளைவு, பெண்டிக்ஸ், ரெசப்பா, டிராக்டா, ஸ்பைசர் நிறுவனத்தின் குறுக்கு மூட்டு என நான்கு வகைகளும் ஒரே மாதிரி ஜீப்பில் ஏறின. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது எதுவென்று சொல்ல முடியாது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் ஜீப் என்றாலே நம் கிராமங்களுக்கு வட்டார அதிகாரியின் வண்டிதான். அவ்வண்டிகள் பின்னர் ஏலத்துக்கு வந்து விவசாயிகளின் கைக்குப் போயின. பழுதான பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்ததைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஆகவே ஒரு பழைய ஜீப் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்குப் பல வேளைகளில் ஒற்றை விடை கிடையாது.

நண்பரின் வண்டியும் அப்படித்தான். இடப்பக்கத்தில் குறுக்கு மூட்டு இருந்தது. வலப்பக்கக் கூட்டைத் திறந்ததும் கிரீஸோடு உருண்டைகள் உதிர்ந்தன. பெண்டிக்ஸ்! அதன் நான்கு உருண்டைகளில், முன்னோக்கிச் செல்லும்போது இரண்டே சுமை தாங்கும். தேய்ந்த பள்ளத்தில் முழு வளைவோடு முடுக்கினால் விளிம்பு தெறித்துவிடும். இங்கும் அதுவே நடந்திருந்தது.

"அசலைத்தான் போட வேண்டும்" என்றார் நண்பர். தந்தையின் வண்டி அது. மெக்கானிக் மறுக்கவில்லை, முறையாகச் சோதித்தார். வில்லிஸ் வகையில் டிஃப்ரன்ஷியல் வலப்புறம் ஒதுங்கியிருப்பதால் வலத்தண்டு குட்டை, இடத்தண்டு நீளம். உள்முனையில் பத்துப் பற்கள். பழைய தண்டானால் பல்வரி நேராக ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் அது முன்பே அளவுக்கு மீறிச் சுமந்துவிட்டது. மேலும் வலுவான எஃகில் செய்த தண்டும் உண்டு. ஆனால் தண்டு உடைய மறுத்தால் அடுத்த முறை கிரவுன், பினியன் பற்கள் உடையும். செலவும் பல மடங்காகும்.

குறுக்கு மூட்டு உதறும்தான். ஆனால் முன்சக்கரத்துக்கு விசை கொடுப்பது சேற்றிலும் மணலிலும் மட்டுமே. அங்கே சக்கரத்தின் வழுக்கல் அந்த உதறலை விழுங்கிவிடும். தேய்ந்தால் குறுக்கை மட்டும் கழற்றி மாற்றலாம். அதற்கு விழுப்புரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பெண்டிக்ஸின் பள்ளம் தேய்ந்தால் மூட்டோடு தண்டையே மாற்ற வேண்டும். போருக்குப் பிந்தைய ஜீப்புகளில் ஸ்பைசர் வகையே நிலைத்தது. அறிவியலின் கணக்கில் பின்தங்கிய மூட்டு, பழுதுபார்ப்பவனின் கணக்கில் வென்றது.

நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இடப்பக்கத்தை இப்படி மாற்றியது யார்?" என்று கேட்டார்.

"உங்க அப்பாதான் சார். நான்தான் மாட்டினேன்."

வலப்பக்கத்துக்கும் குறுக்கு மூட்டே முடிவாயிற்று. உதிர்ந்த உருண்டைகளை ஒரு துணியில் முடிந்து நண்பர் எடுத்துக்கொண்டார்.