திருவொற்றியூர் புல்லட்



இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கும் நம் வடசென்னைக்கும் உள்ள உறவை எந்த வகுப்பிலும் நாம் படித்ததில்லை. பழைய புல்லட் வாங்கப் போன இடத்தில்தான் நான் படித்தேன்.

1991-ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா கட்டி வந்த சீட்டுப் பணம் கைக்கு வந்தது. கொருக்குப்பேட்டையில் ஒரு தரகர், புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளத்த 350 சிசி புல்லட் ஒன்றைக் காட்டினார். முன்பணம் கொடுக்கும் முன் வகுப்புத் தோழனின் அப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் பிட்டர்.

அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. துணியால் என்ஜினைத் துடைத்து எண்ணைப் படித்தார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாப்பா, பளபளப்பப் பாத்து மயங்கிட்டியா? ரெண்டு நம்பரும் வேற வேற. வா, போலாம்."

அம்மாவின் பணம் பிழைத்தது. திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை அவர் புல்லட்டின் கதையைச் சொன்னார். மீதியைப் பின்னாளில் நானே தேடிப் படித்தேன்.

ரெட்டிச்சில் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் இறக்குமதி செய்து விற்றது. நம் ராணுவமும் புல்லட்டை விரும்பி வாங்கியது. 1955-இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு ஆனதும் அதே ஆண்டுதான்! முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள்.

1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இல் நம் புல்லட் அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கற்றுக் கொடுத்தவன் கைவிட்ட தொழிலைக் கற்றுக்கொண்டவன் காப்பாற்றினான் என்றால் மிகையாகாது. 1994-இல் நிறுவனம் எய்ச்சர் குழுமத்தின் கைக்குப் போனது. 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரே ஒரு வண்டி பார்த்துச் சொன்னார். 1974 மாடல், பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் எண்கள் சரியாக இருந்தன. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தைக் கொடுக்க விட்டார். பல பத்தாண்டுகளாக அடிப்படை அமைப்பு அதிகம் மாறாத வண்டி என்பதால் உதிரிப்பாகத்துக்கு நான் அலைந்ததில்லை. புதுப்பேட்டைக்குப் போனால் போதும்.

உதைத்து ஸ்டார்ட் செய்யவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். "ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுல வரட்டும். டிகம்ப்ரஷர அமுக்கி மெதுவா மிதிச்சு வுடு. அப்பறம் ஒரே உதை. அவசரப்பட்டா திருப்பி அடிக்கும்!" கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழக ஒரு மாதம் பிடித்தது.

அவர் இன்று இல்லை. வண்டி என் வீட்டில் இருக்கிறது. புல்லட்டின் வரலாறு எழுதுபவர்கள் முதலாளிகளின் பெயரையும் ஆண்டுகளையும் எழுதுகிறார்கள். அதைப் பூட்டிய கைகள் நம் தோழர்களின் அப்பாக்களுடையவை. இன்றைய மாணவர்களே, உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தொழிலாளி யாராவது இருப்பார். போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள்.