ஒற்றைத் தலைவலியும் அதன் முன்னறிகுறிகளும்: ஒரு வரலாறு

ஒற்றைத் தலைவலி என்பது பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் துடிப்புடன் தோன்றி, 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் நரம்பியல் நோயாகும். ஆயுர்வேதம் இதனை ‘அர்த்தாவபேதகம்’ என்கிறது. ‘மைக்ரேன்’ என்ற சொல்லும் பாதி மண்டை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. எனினும் சிலருக்கு இருபுறமும் வலிக்கும்.

தேரையர் கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள சதுரகிரி, சித்தர்கள் வாழ்ந்த மலையாக நம்பப்படுகிறது. அதற்குத் தெற்கே, கடையம் அருகிலுள்ள தோரணமலை அகத்தியருடனும் தேரையருடனும் தொடர்புபடுத்தப்படுகிறது. தீராத தலைவலியால் வருந்திய அரசன் ஒருவனின் கபாலத்தை அகத்தியர் திறந்தபோது உள்ளே தேரை ஒன்று இருந்ததாம். சீடர் தண்ணீர்ப் பாத்திரத்தை அருகில் காட்ட, அது நீரில் தாவியதாம். அதனால் சீடருக்குத் தேரையர் என்னும் பெயர் வந்தது என்பர். இது வரலாறு அன்று; தொன்மம். ஆனால் வெளியே எதுவும் தெரியாத கொடிய வலிக்கு உள்ளே காரணம் தேடிய மனத்தை இக்கதை காட்டுகிறது.

அறிவியல் கண்ட காரணம்

1870 இல் ஆங்கில மருத்துவர் ஹூபர்ட் ஏரி, வலிக்கு முன் தம் கண்முன் தோன்றிய கோட்டைச் சுவர் போன்ற வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகளை வரைந்து வெளியிட்டார். 1941 இல் கார்ல் லாஷ்லி, தமக்குத் தோன்றிய காட்சி மூளைப் புறணியில் நிமிடத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுவதாகக் கணக்கிட்டார். 1944 இல் பிரேசிலைச் சேர்ந்த லியோ, முயல்களின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் செயலடக்க அலையைக் கண்டறிந்தார். தேரைக்குப் பதிலாக அறிவியல் கண்டது இந்த அலையையே.

முன்னறிகுறிகள்

வலிக்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் முன்பே கொட்டாவி, எரிச்சல், கழுத்து இறுக்கம், குறிப்பிட்ட உணவின் மேல் ஆசை ஆகியன தோன்றலாம். சிலருக்கு 5 முதல் 60 நிமிடங்கள் வரை ஒளிக்கோடுகள், பார்வையில் வெற்றிடம், ஒருபக்க மரமரப்பு, பேச்சுத் தடுமாற்றம் உண்டாகும். பின்னர் வலியுடன் குமட்டலும், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க இயலாமையும் வரும்.

தூக்கம் மாறுதல், உணவு தவறுதல், கண்கூசும் வெயில் ஆகியவை இதனைத் தூண்டக்கூடும். எனவே 1936 இல் முதல் நூற்பாலை தோன்றிய ராஜபாளையம் போன்ற ஆலை நகரங்களில், இரவுப் பணி செய்வோர் இவற்றைக் கவனிப்பது பயனுள்ளது. ஆண்களைவிடப் பெண்களை இந்நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு தாக்குகிறது. ‘வெறும் தலைவலிதானே’ என்று வீட்டில் ஒதுக்கப்படுவதும் அவர்களின் வலியே.

அறிகுறிகளைக் குறித்து வைத்தால், தொடக்கத்திலேயே மருந்து உட்கொள்ள முடியும். ஆனால் மாதத்தில் 10 நாட்களுக்கு மேல் வலிநிவாரணி எடுப்பது, மருந்தாலேயே தலைவலி தொடரும் நிலைக்கு இட்டுச் செல்லலாம். திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, 50 வயதுக்குப் பின் முதன்முறையாக வரும் வலி ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி எனக் கருதிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.