தங்கவயலின் தூசியும் தொழிலாளியின் நட்ட ஈடும்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் வட்டாரங்களில் வாழும் நம் மக்களின் குடும்ப வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. பண்ணையாளாய்ப் பிறந்தவன் கையில் ரொக்கக் கூலி வாங்கியதும், பிள்ளையின் கையில் சிலேட்டைக் கொடுத்ததும், சங்கம் கூட்டித் தலை நிமிர்ந்து பேசியதும் பெரும்பாலும் அங்கேதான். இப்பெருமையைப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அதே சுரங்கம் நம்மவர் நுரையீரலில் வைத்த நோயைப் பற்றியும், அந்நோய்க்கு உரிய நட்ட ஈட்டைப் பற்றியும் எழுதியோர் சிலரே. வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தின் மலரில் இதனை எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. இவ்வரலாற்றில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் எழுத்தறிவையும் சீட்டையும் ஒட்டியே அமைந்தன.

சுரங்கமும் நம்மவரும்

மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார்ச் சுரங்கங்களை இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் 1880-இல் ஏற்று நடத்தத் தொடங்கினர். மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகாம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் இவற்றுள் முதன்மையானவை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் காலப்போக்கில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினரே நிலத்தடித் தொழிலாளருள் மிகுதி. சாதி இந்து நிலக்கிழாரின் களத்தைவிட இருண்ட சுரங்கமே மேல் என்று கருதி அவர்கள் இறங்கினர்.

அங்கே அவர்கள் கூலியோடு அறிவையும் தேடினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின்னர், 1926 முதல் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1930-இல், தொழிலாளரின் விரல் ரேகையைப் பதியும் முறையை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தம்மைப் பற்றிய ஏடு முதலாளியின் கையில் மட்டும் இருப்பதன் பொருளை அம்மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

தூசி செய்யும் வேலை

தங்கம் படிகக் கல்லின் ஊடே ஓடுகிறது. அக்கல்லைத் துளைக்கும்போதும் வெடி வைத்துத் தகர்க்கும்போதும் எழும் தூசியில் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியோ மூச்சுச் சிற்றறைகள் வரை சென்று தங்கும். அதனைச் சுற்றி நுரையீரல் தழும்பாகிறது. தழும்பான பகுதி மீண்டும் மூச்சு வாங்காது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் வளரும். பத்து, இருபது ஆண்டு கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. இந்நோயுற்ற நுரையீரலைக் காச நோய் எளிதிற் பற்றும்.

தீர்க்க இயலாத இந்நோயைத் தடுக்க இயலும். துளைக்கும் கருவியில் தண்ணீர் செலுத்தித் தூசியை அடக்கலாம், வெடித்த இடத்தை நனைக்கலாம், காற்றோட்டம் அமைக்கலாம், தூசி அடங்கும்வரை ஆளை இறக்காதிருக்கலாம். இவை யாவும் செலவு பிடிப்பவை. செய்ய முடியாதவை அல்ல.

அறிந்தும் காலந்தாழ்த்தியது

கவனக்குறைவு என்னும் சொல்லை நாம் எளிதாக எடுத்தாளவில்லை. அறியாமல் நேர்ந்தது வேறு. அறிந்தும் செய்யாது விட்டது வேறு. இங்கிலாந்தில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலையை ஆராய்ந்த ஹால்டேன் முதலியோர், பாறை துளைக்கும் எந்திரத்தின் தூசியே நுரையீரலைக் கெடுக்கிறது என 1904-இல் அறிக்கை அளித்தனர். கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளைச் சுரங்கத்தார் பலர் கோலாரில் பணியாற்றினர். ஆகவே அங்கே அறிந்த உண்மை இங்கே வந்து சேர வழி இல்லாமற் போகவில்லை.

இருந்தும், கோலாரில் ஆயிரக்கணக்கான தொழிலாளரை முறையாகச் சோதித்தது 1940-க்கும் 1946-க்கும் இடையில்தான். கார்ன்வால் அறிக்கைக்கும் அச்சோதனைத் தொடக்கத்துக்கும் இடையே 36 ஆண்டுகள். சோதிக்கப்பெற்றோர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் இறங்கி ஏறிய பின்னரே இவ்வெண்ணிக்கை எழுத்தில் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நோய்க்கு இட்ட பெயர்

எண்ணிக்கை வரும்வரை அந்நோய்க்கு இருந்த பெயர் யாது? பெரும்பாலும் காச நோய் என்பதே. இரண்டுக்கும் இருமல், இளைப்பு, உடல் மெலிவு ஆகியன பொது. பெயரின் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பயனின் வேறுபாடோ பெரிது. காசம் என்றால் அது தொழிலாளியின் குடிசையில், உணவில், பழக்கத்தில் பிறந்த நோய். அவன் ஊர் திரும்பி இறக்கலாம். கும்பெனியார் கொடுக்க வேண்டியது ஏதுமில்லை. சிலிக்கோசிஸ் என்றால் அது சுரங்கத்தில் பிறந்த நோய். சுரங்கத்தை நடத்துவோர் பொறுப்பாவர். நோயாளியின் உடல் ஒன்றே; சீட்டில் எழுதும் சொல்லே அவன் மனைவி மக்களின் வாழ்வை முடிவு செய்தது.

மைசூர்ச் சமஸ்தானத்தில் 1940-களில் சிலிக்கோசிஸ் நட்ட ஈட்டுக்குரிய நோய் என ஏற்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பெற்றுச் சில தொழில் நோய்களைத் தொடக்கத்திலேயே ஏற்றிருந்தது. ஆயினும் அதன் அட்டவணையில் சிலிக்கோசிஸ் சேர்ந்தது 1959-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான்.

சட்டம் தந்ததும் தடுத்ததும்

அச்சட்டத்தின் நன்மையை முதலிற் கூறுதல் முறை. அட்டவணையிலுள்ள தொழிலில் இருந்தவனுக்கு அட்டவணையிலுள்ள நோய் வந்தால், முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிறுவ வேண்டுவதில்லை. நட்ட ஈட்டு ஆணையரிடம் மனுச் செய்தால் போதும். கவனக்குறைவை நிறுவிப் பெருந்தொகை கேட்க விரும்பினால் உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் இரண்டு வழியிலும் ஒருங்கே செல்லலாகாது.

தடை வேறிடத்தில் இருந்தது. வேலையை விட்ட இரண்டு ஆண்டுக்குள் நோயின் அறிகுறி தோன்றினால் அது தொழிலினால் வந்ததாகக் கொள்ளப்படும் என அச்சட்டத்தின் பத்தாம் பிரிவு கூறியது. சட்டம் கொடுத்த தவணை இரண்டு ஆண்டு. நோய் எடுத்துக்கொள்ளும் தவணையோ பத்தும் இருபதும். ஊர் திரும்பிப் பல்லாண்டு கழித்து இருமத் தொடங்கியவன், எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு எவ்வேலை செய்தான் என்பதற்கு எதைக் காட்டுவான்? ஏடு கும்பெனியிடம், மார்புப் படம் மருத்துவமனையிடம், அவனிடம் இருந்தது இருமல் மட்டுமே.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் உரிமையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. உரிமையாளர் மாறினர், தூசி மாறவில்லை.

பிறநாட்டுப் படிப்பினை

இதே தங்கத்தையும் இதே நோயையும் கொண்ட தென்னாப்பிரிக்காவின் கதை நமக்குப் பாடமாகும். அங்கே தொழில் நோய்ச் சட்டத்தின்படி ஒரு கறுப்பினச் சுரங்கத் தொழிலாளிக்கு 16,320 ராண்டு மட்டும் கிடைத்தது. அதனைப் பெற்ற பின் முதலாளியின் கவனக்குறைவுக்காக வழக்கிட முடியாது என்றனர் எதிர்த்தரப்பினர். முடியும் என 2011 மார்ச்சில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குச் சில நாள் முன்னரே அவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் திறந்த வழியில் பல்லாயிரவர் ஒன்றாக வழக்கிட்டனர். 2019-இல் ஆறு சுரங்க நிறுவனங்கள் குறைந்தது 500 கோடி ராண்டு வழங்கும் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 1965 முதல் பணியாற்றியோரும், இறந்தோரின் குடும்பத்தாரும் அதிற் சேர்க்கப்பட்டனர்.

நம் நாட்டிலும் வெளிச்சம் இல்லாமலில்லை. 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவ ஏட்டையும் வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என அந்தத் தொழிற்சாலைகளுக்குக் கட்டளையிட்டது. குஜராத்தின் கல் அரைக்கும் ஆலைகளில் உழைத்து இறந்த மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று இலட்சம் ரூபாய் வழங்க 2016-இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் கடமை

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2020-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கியுள்ளது. சட்டத்தின் பெயர் மாறினும் ஆணையர் முன் நிற்பவனிடம் கேட்கப்படும் வினாக்கள் மாறா: எங்கே வேலை செய்தாய்? எத்தனை ஆண்டு? என்ன நோய்? எவர் சான்று?

இன்றும் நம் பிள்ளைகள் கல்குவாரியிலும், கல் அரைக்கும் ஆலையிலும், தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் உழைக்கின்றனர். அவர்களுக்கு நாம் கூற வேண்டுவன சில. வேலைச் சீட்டு, கூலிச் சீட்டு இவற்றுள் எதையும் எறியாதீர்கள். வேலையில் சேரும்போதே மார்புப் படம் எடுத்து அதனை வீட்டில் வையுங்கள். மருத்துவரிடம் நோயைச் சொல்லும்போது தொழிலையும் சொல்லுங்கள். அதனைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். நோய் இன்னதென அறிந்தவுடன், காலவரம்பு கடவாமல், ஒருவராய் அன்றிச் சங்கமாய் மனுச் செய்யுங்கள்.

நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் புத்தகமும் உதவித்தொகையும் வழங்கி வந்துள்ளது. இனி, ஊர்தோறும் முதியோர் கையிலுள்ள பழைய சீட்டுகளைப் படித்துப் பட்டியலிடும் பணியையும் நம் மாணவர்களிடம் ஒப்படைக்கலாம் என்பது நம் பணிவான வேண்டுகோள். தங்கவயலில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதனை எடுத்தவரின் மூச்சுக்கு உரிய கணக்கை எழுதும் கடமை, எழுதக் கற்ற அவர்தம் பேரப்பிள்ளைகளுடையது.