ஜவ்வாது மலையில் வனப்பொருள் கொள்முதல்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரால், தாம் சேகரித்த பொருளை யாருக்கு விற்பது என்பதை நெடுங்காலம் தாமே முடிவு செய்ய இயலவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் கட்டுப்பாட்டில் வைத்தபின், சிறுவனப்பொருள் எனப்படும், மரம் நீங்கலான புளி, கடுக்காய், தேன் போன்றவற்றைச் சேகரிக்கும் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்த குத்தகைதாரரிடம் மட்டுமே விற்க வேண்டியிருந்தது; விலையையும் அவரே வைத்தார். உணவகக் கிளை உரிமம் பெற்றவர், தலைமை நிறுவனம் குறித்த வழங்குநரிடம் மட்டுமே சரக்கு வாங்க வேண்டும் என்னும் இன்றைய ஒப்பந்த விதியைப் போன்றதே இது. இங்கே கட்டுப்பட்டவர் வாங்குபவரல்லர், விற்பவர்.

இடைத்தரகரை விலக்க, பழங்குடிப் பகுதிகளின் கூட்டுறவு அமைப்பை ஆராய்ந்த பாவா குழு 1970களின் தொடக்கத்தில் அளித்த பரிந்துரையை ஒட்டி, கடனும் நுகர்பொருளும் கொள்முதலும் ஒரே கூரையின்கீழ் அமைந்த பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், சுருக்கமாக ‘லேம்ப்’ சங்கங்கள், பழங்குடிப் பகுதிகளில் உருவாயின. நோக்கம் நல்லதே, ஆயினும் ஒற்றை வாங்குநர் என்னும் பழைய அமைப்பு அப்படியே நீடித்தது. புளியை உலுக்கி, வெயிலில் காயவைத்து, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் நீக்கும் பெண்களின் உழைப்பு, எடைத்தட்டில் வெறும் கிலோவாகவே கணக்கிடப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே சிறுவனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவுமான உடைமையுரிமையைச் சேகரிப்போருக்கு வழங்கியது.