மிதிவண்டியோட்டியின் காற்றிழுவை அளவீடு

மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும் முன்னேறும்போது காற்று தரும் எதிர்ப்பு விசையைக் கணக்கிடும் முறை. இழுவைக் கெழுவை முகப்புப் பரப்பால் பெருக்கிவரும் ‘இழுவைப் பரப்பு’ இதன் அளவை. அலகு சதுர மீட்டர். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இது ஏறத்தாழ 0.4க்கு மேலும், தனிநேரப் பந்தயத்தில் குனிந்து ஓட்டுபவருக்கு 0.2 அளவிலும் அமையும். விசை, காற்றின் அடர்த்திக்கும் சார்பு வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் உயரும்.

முறைகள்: (1) காற்றுச் சுரங்கத்தில் விசையை நேரடியாக அளத்தல், (2) மிதிக்காமல் உருளவிட்டு, வேகம் குறைவதைக் கணித்தல், (3) பவர் மீட்டர் காட்டும் திறனிலிருந்து உருளல் எதிர்ப்பு, ஏற்றம், வேகமாற்றம், சங்கிலி உராய்வு ஆகியவற்றின் பங்கைக் கழித்தல், (4) கணினி வழிப் பாய்மக் கணிப்பு.

வரலாறு: அமெரிக்கப் பொறியாளர் செஸ்டர் கைல் 1970களில் உருளவிடும் சோதனைகளை நடத்தினார். ஜேம்ஸ் மார்ட்டின் குழுவினர் 1998இல் சாலையோட்டத் திறனுக்கான கணித மாதிரியைச் சோதித்து வெளியிட்டனர். மேற்கண்ட மூன்றாம் வகையைச் சேர்ந்த, ராபர்ட் சங்கின் ‘மெய்நிகர் உயரம்’ முறை, காற்றுச் சுரங்கம் இன்றிச் சாலையிலேயே அளக்க வழிசெய்தது.

வட்டாரப் பொருத்தம்: கம்பம் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் தேனி பகுதியில் காற்றின் வேகத்தைத் தனியே அளப்பது இன்றியமையாதது. 300 மீ. உயரத்தில், 35° செல்சியசில், உலர்காற்றின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. இழுவைப் பரப்பு 0.3 எனில், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்றை எதிர்க்கச் சுமார் 165 வாட் செலவாகும். நொடிக்கு 3 மீட்டர் எதிர்க்காற்றில் அது ஏறத்தாழ 280 வாட்டாகும். இருமடித் தொடர்பினால், இருதிசைகளிலும் ஓட்டிச் சராசரி காண்பது மட்டும் காற்றால் அளவீட்டில் வரும் பிழையை முழுதும் நீக்காது.