தீப்பிடிக்காத பாவாடை

1860-ஆம் வருடம் பாரிஸ் ஆப்பெராவின் நிர்வாகிக்கு எம்மா லிவ்ரி என்ற பாலே நடனக்காரி ஒரு கடிதம் எழுதினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது வாக்கில் இருக்கும். விஷயம் இதுதான்: தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய பாவாடையை நான் போடமாட்டேன், எப்போதும் போடும் சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன், அதனால் எது வந்தாலும் பொறுப்பு என்னுடையது.

இரண்டே வருடத்தில் வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் "பாவம், அழகு மோகம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சின்னப் பெண் அப்படி ஒரு கடிதம் எழுதும் நிலைக்கு வர, எத்தனை பேர் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அந்தப் பாவாடை. 1832-ல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே மேடையேறியது. அதில் காற்றில் மிதக்கும் தேவதையாக ஆடியவர் மரீ தலியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா. 1822-ல் மகளின் வியன்னா அரங்கேற்றத்துக்கு முன்னால் தினமும் ஆறு மணி நேரம் அவளைப் பிழிந்தெடுத்த மனிதர் அவர். கால் விரல் நுனியில் நின்றபடி, வெள்ளை வெளேரென்ற மெல்லிய துணிப் பாவாடையில் தலியோனி வந்ததும் ஊரே கிறங்கிப்போனது. அதோடு சட்டம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இனி பாலே ஆடுகிற பெண் என்றால் அவளுக்கு எடையே இருக்கக்கூடாது. வியர்க்கக்கூடாது, மூச்சு வாங்கக்கூடாது, பூமியில் பட்டும் படாமல் நிற்க வேண்டும். எல்லோருக்கும் அதே வெள்ளைப் பாவாடை, அடுக்கடுக்காக.

மேடையைச் சுற்றி என்ன இருந்தது தெரியுமோ? மூடியில்லாத கேஸ் விளக்குகள். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1844-ல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக்காரி மேடையிலேயே தீப்பிடித்து, சில நாட்களில் இறந்துபோனாள். அவள் மட்டுமல்ல, இன்னும் பலர்.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. கார்த்தரோன் என்பவர் துணியை ஒரு ரசாயனக் கரைசலில் முக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1859 நவம்பரில் மூன்றாம் நெப்போலியனின் அரசு, நாடக மேடைத் துணிகளை எல்லாம் இப்படிப் பதப்படுத்த வேண்டும் என்று ஆணையே போட்டுவிட்டது. ஆனால் முக்கி எடுத்த துணி விறைத்துக்கொண்டு நிற்கும், நிறமும் மங்கிவிடும். கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு காற்றில் மிதக்க முடியுமா என்ன?

இப்போது எம்மாவின் வீட்டுக்கு வருவோம். அம்மாவும் அதே ஆப்பெராவில் ஆடியவர். பெரிய பெயர் வாங்கவில்லை. அப்பா ஒரு பிரபு, அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு அம்மாவின் வாழ்க்கையில் வந்த இன்னொரு பிரபுவுக்கு மேலிடத்தில் செல்வாக்கு இருந்தது. அந்தச் செல்வாக்கில் எம்மாவின் அரங்கேற்றம் 1858-ல் நேராக ஆப்பெரா மேடையிலேயே நடந்தது. அதுவும் தலியோனி ஆடிய அதே தேவதை வேடத்தில். வயது பதினாறு.

அன்றைய ஆப்பெராவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1830-களிலிருந்து, வருடச் சந்தா கட்டிய பணக்காரர்கள் மேடைக்குப் பின்னால் பெண்கள் பயிற்சி செய்யும் கூடத்துக்கே வந்து போகலாம் என்று வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஜாக்கி கிளப் கனவான்கள் கைத்தடியோடு வந்து நின்று பார்ப்பார்கள். பெண்களின் அம்மாக்களும் கூடவே இருப்பார்கள், காவலுக்கு வந்தார்களா பேரம் பேச வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி. (நம்மூர் சதிர் ஆட்டத்தின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு எங்கேயோ மணி அடிக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கலை, புரவலர், குடும்பத்தின் பிழைப்பு மூன்றையும் ஒரு பெண்ணின் காலில் சேர்த்துக் கட்டிய முடிச்சு இரண்டிலும் உண்டு.)

எம்மா ஒல்லி. அன்றைய அளவுகோலில் அழகி என்று யாரும் சொல்லவில்லை, கிண்டலும் செய்தார்கள். அப்பா பெயர் கிடையாது. அவளிடம் இருந்த ஒரே முதல் அந்த எடையின்மைதான். விறைத்த பாவாடை அதைத்தான் பறிக்கும். ராஜாவின் ஆணையை ஒரு பெண் மீறினாள் என்று மேலோட்டமாகப் பார்த்தால் புரட்சி மாதிரித் தெரிகிறது. எனக்கென்னவோ அது முழுக்க முழுக்கக் கீழ்ப்படிதல் என்றுதான் படுகிறது. அவளுக்கு உண்மையான எஜமானர்கள் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலியோனியே அவளைப் பார்க்கப் பாரிஸ் வந்து, தன் வாரிசு என்று ஏற்றுக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். 1860-ல் எம்மாவுக்காகவே 'லெ பாப்பியோன்' (வண்ணத்துப்பூச்சி) என்ற பாலேயை அமைத்தார். இசை ஒஃபென்பாக். கதையில் ஒரு தீப்பந்தத்தால் ஈர்க்கப்பட்டு வரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு கருகுகிறது. சினிமாவில் இப்படி வைத்தால் ரொம்ப ஓவர் என்போம். நிஜத்தில் நடந்தது.

1862 நவம்பர் 15. ஒத்திகை. எம்மா தன் முறை வரும்வரை உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். உட்காரும்போது பாவாடை கசங்கக்கூடாதே என்று தூக்கி விரித்தாள். அந்தக் காற்றில் கேஸ் விளக்கின் சுடர் தாவிப் பிடித்துக்கொண்டது. மேடையில் அலறிக்கொண்டு ஓடினாள். ஒரு தீயணைப்பு வீரர் போர்வையால் சுற்றி அணைத்தார். உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சு உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. எட்டு மாதம் உயிரோடு இருந்தாள். 1863 ஜூலை 26-ல் இறந்தபோது இருபது வயதுதான்.

எம்மாவாவது நட்சத்திரம். அந்த ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவர்கள்?

அதே ஆப்பெராவின் பள்ளியில் 1878-ல் சேர்ந்தாள் மரீ வான் கோத்தெம் என்ற சிறுமி. பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா தையற்காரர், இறந்துவிட்டார். அம்மா துணி வெளுப்பவர். இப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கே 'குட்டி எலிகள்' என்பார்கள், செல்லமாகத்தானாம். மூன்று பெண்களையும் அம்மா ஆப்பெரா பக்கமே அனுப்பினார். சலங்கைப் பையோடு போகும் குழந்தைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போகும் நம் அடுக்குமாடி அம்மாக்களைப் போல அல்ல இவர். இங்கே கனவு, அங்கே அடுப்பு எரிய வேண்டும்.

வகுப்பு போக மிச்ச நேரத்தில் எட்கர் டெகா என்ற ஓவியருக்கு மாடலாக நின்றாள். அவர் அவளை மெழுகில் செய்தார். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், நிஜ முடி, நிஜப் பட்டு ரிப்பன், நிஜத் துணிப் பாவாடை. 1881-ல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியபோது விமர்சகர்கள் சிலர் குரங்கு என்றார்கள், முகத்தில் தீய குணம் எழுதியிருக்கிறது என்றார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை! தேவதை வேண்டும் என்று டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தாடையைத் தூக்கிக்கொண்டு, களைத்துப்போய் நிற்கும் ஏழைப் பெண் எப்படிப் பிடிக்கும்?

அடுத்த வருடமே வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று மரீயை ஆப்பெரா வேலையிலிருந்து நீக்கியது. அக்கா ஒரு திருட்டு வழக்கில் சிறைக்குப் போனாள். தங்கை மட்டும் அங்கேயே ஆடி, பிறகு ஆசிரியையாகவும் ஆனாள். ஒரே வீடு, ஒரே அம்மா.

எம்மாவின் கருகிய உடையின் மிச்சம் பாரிஸில் ஆப்பெரா அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. மரீயின் மெழுகுச் சிலை இப்போது வாஷிங்டனில். 1917-ல் டெகா இறந்த பிறகு அதிலிருந்து வார்த்த வெண்கலப் பிரதிகள் உலகத்தின் பெரிய மியூசியங்களில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் இடுப்பில் துணிப் பாவாடை உண்டு. நாள்பட்டுத் துணி இற்றுப்போனால், புதிதாக ஒன்று தைத்து மாட்டிவிடுகிறார்கள்.